டெங்கு எதிர்ப்பொருள் ஆய்வு: பூட்டிய வீடுகளுக்கு என்ன வழி?

எல்லோருக்கும் வணக்கம். முதுகலைப் படிப்புக்காகக் குடியாத்தம் பக்கத்து ஊர்களில் டெங்கு எத்தனை பேருக்கு வந்துபோயிருக்கிறது என்று ரத்தத்தில் ஐஜிஜி எதிர்ப்பொருள் (தொற்று வந்துபோன பிறகும் ரத்தத்தில் நீண்ட நாள் தங்கும் வகை) பார்த்துக் கணக்கிடப் போகிறேன். தொற்றியவர்களில் பெரும்பாலோருக்குக் காய்ச்சலே தெரிவதில்லை. அதனால் ஆஸ்பத்திரிக் கணக்கு உண்மையில் ஒரு துளிதான்.

என் பெரிய கவலை ஜப்பானிய மூளைக்காய்ச்சல். இந்தியாவில் மனிதரிடம் அது முதலில் கண்டறியப்பட்டதே 1955-இல், நம் பழைய வட ஆற்காட்டு வேலூரில்தான். டெங்குவும் இதுவும் ஒரே குடும்பத்து வைரஸ். ஒன்றின் எதிர்ப்பொருள் மற்றொன்றுக்கான எலிசா (ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும்) பரிசோதனையிலும் பாசிட்டிவ் காட்டலாம். மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்ட பிள்ளைகளிடமும் இதே சிக்கல். எதிர்ப்பொருள் எந்த வைரஸைச் செயலிழக்கச் செய்கிறது என்று பார்க்கும் நடுநிலையாக்கல் பரிசோதனையில் ஓரளவு பிரித்தறியலாம், ஆனால் அத்தனை மாதிரிக்கும் செய்யக் கட்டுப்படியாகாது. இதுபோன்ற ஆய்வு செய்தவர்களே, எத்தனை சதவீத மாதிரிகளை இந்த மறுசோதனைக்கு எடுத்தீர்கள், எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

இன்னொன்று. பகலில் போனால் தோல் தொழிற்சாலைக்கும் தறிக்கும் போனவர்கள் இல்லை. பீடி சுற்றும் அம்மாக்களும் வயசானவர்களும்தான் இருக்கிறார்கள். பூட்டிய வீட்டை விட்டு அடுத்த வீட்டில் ரத்தம் எடுத்தால் கணக்கே கோணலாகிவிடும். மாலையில் போய்ச் செய்த அனுபவம் யாருக்காவது உண்டா? தயவுசெய்து எழுதுங்கள்.