பிஎம்பி-2 பேண்ட் தடிமனாக வருகிறது, ஆனால் ஆக்டிவிட்டியே இல்லை. உதவுங்கள்

செல்கிறுக்கி:
ஹெக் 293 செல்லில் (மனித சிறுநீரக செல்வரிசை) மனித பிஎம்பி-2 (எலும்பு வளரத் தூண்டும் புரதம்) மரபணுவை முழு நீளமாகப் போட்டு, செல் வளர்ந்த மீடியத்தை நிக்கல் ரெசினில் ஏற்றி எடுக்கிறேன். ரெட்யூசிங் ஜெல்லில் (ஜோடியைப் பிரித்துக் காட்டுவது) 50 கிலோடால்ட்டன் பக்கம் தடிமனான பேண்ட், 18 பக்கம் வரவேண்டியதைக் காணோம். சி2சி12 செல்லுக்குக் (சுண்டெலியின் தசை முன்செல்) கொடுத்தால் ஆல்கலைன் பாஸ்படேஸ் (எலும்பு செல்லாக மாறுவதைக் காட்டும் நொதி) ஏறவே மாட்டேன் என்கிறது. விலைக்கு வாங்கிய பிஎம்பி-2 கொடுத்த குழியில் நன்றாக ஏறுகிறது, ஆகவே செல்லில் கோளாறு இல்லை. ஹிஸ் டேக் (நிக்கலில் ஒட்டும் பிடி) சிக்னல் பெப்டைடுக்கு (புரதத்தை வெளியே அனுப்பும் தலைப்பகுதி) அடுத்து இருக்கிறது. புரோடொமைனை (பிறகு வெட்டுப்பட்டுப் போகும் முன்பகுதி) எடுத்துவிட்டு மெச்சூர் பகுதியை (வேலை செய்யும் பின்பகுதி) மட்டும் போட்டால் சரியாகுமா?

ஃபியூரின்ராசா:
எடுக்காதீர்கள். பாலூட்டி செல்லில் புரோடொமைன் இருந்தால்தான் புரதம் ஒழுங்காக மடிந்து, ஜோடி சேர்ந்து வெளியே வரும். ஈ.கோலையில் மெச்சூர் மட்டும் போடுகிறார்களே என்றால், அங்கே அது இன்க்லூஷன் பாடியாக, அதாவது சரியாக மடியாத கட்டியாக, திரண்டுவிடும், அப்புறம் நாம்தான் குழாயில் வைத்து மடிக்க வேண்டும்.

சிக்கல் டேக்கில் இருக்கிறது. மொத்தம் 396 அமினோ அமிலம், 282-க்கு அடுத்து ஃபியூரின் (செல்லிலுள்ள புரதம் வெட்டும் நொதி) வெட்டுகிறது. வெட்டியதும் உங்கள் டேக் புரோடொமைனோடு போய்விடும். வேலை செய்யும் கடைசி 114-இல் டேக்கே கிடையாது. ரெசினில் ஒட்டுவது வெட்டுப்படாத சரக்கும் வெறும் புரோடொமைனும்தான். ஃப்ளோ-த்ரூவை (ரெசினில் ஒட்டாமல் வழிந்து வருவதை) கொட்டாமல் ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். டேக்கை வால் பக்கம் மாற்றுவதும் ஆபத்து, அங்கே கடைசி சிஸ்டீன்கள் சிஸ்டீன் முடிச்சுக்குள் (புரதத்தின் வடிவைப் பிடித்து வைக்கும் கந்தகப் பிணைப்புகள்) மாட்டியிருக்கின்றன. டேக்கே வேண்டாம், ஹெப்பாரின் ரெசின் போதும், பிஎம்பி-2 அதில் தானே ஒட்டும்.

எலும்பன்:
கூடவே ஒன்று. மெச்சூர் பிஎம்பி-2-வின் முன்நுனியில் லைசினும் ஆர்ஜினினும் நெருக்கமாக இருப்பதால் செல்லின் மேலுள்ள ஹெப்பரான் சல்பேட்டில் (ஹெப்பாரின் போன்ற சர்க்கரைச் சங்கிலி) ஒட்டிக்கொள்ளும், மீடியத்தில் தேடினால் குறைவாகத்தான் தெரியும். செல்லை உப்பு கூடிய பஃபரில் அலசி, அந்த அலசல் நீரையும் ஓட்டுங்கள்.

செல்கிறுக்கி:
ஓட்டினேன்! ஃப்ளோ-த்ரூவில் 18 மெலிதாக, உப்பு அலசலில் அதைவிட நன்றாக. ஆனால் 50 இன்னும் ஏராளம்.

ஃபியூரின்ராசா:
அவ்வளவு புரதத்தை வெட்டித் தள்ள செல்லின் சொந்த ஃபியூரினுக்குக் கைவேகம் போதாது. ஃபியூரின் பிளாஸ்மிடையும் (அதன் மரபணு உள்ள டிஎன்ஏ வளையம்) கொஞ்சம் சேர்த்துப் போடுங்கள், இரண்டு மூன்று வெவ்வேறு விகிதங்களில் செய்து பாருங்கள். ஜோடியைப் பிரிக்காத நான்-ரெட்யூசிங் ஜெல்லும் ஓட்டுங்கள். ஜோடி சேராத 18 இருந்தால் அதை நம்பி அஸ்ஸே செய்ய வேண்டாம்.

செல்கிறுக்கி:
சரி. செல்லில் ஒட்டாமல் இருக்க மீடியத்திலேயே ஹெப்பாரின் கலந்துவிடலாமா?

எலும்பன்:
கலந்தால் மீடியத்துக்கு வரும்தான், ஆனால் அதே சரக்கு அப்புறம் ஹெப்பாரின் ரெசினில் ஒட்டாது. உப்பு அலசலே மேல், ரெசினில் ஏற்றும் முன் நீர்க்கச் செய்து உப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.