தொலைநோக்கி மவுண்ட்டுக்குத் தமிழ்ச்சொல்: 'கிடைத்தள ஏந்தி'

குழுவினர்க்கு வணக்கம்.

தொலைநோக்கிக் குழலைத் தாங்கி, வேண்டிய திசையில் திருப்ப உதவும் அமைப்பான மவுண்ட்டுக்குப் பீடம், தாங்கி, தாங்கல் என மூன்று சொற்கள் இந்த இழையில் முன்வைக்கப்பட்டுள்ளன. சென்ற மாதம் ஒட்டுப்பலகையில் டாப்சன் வகை மவுண்ட் (குழலைத் தாங்கும் பெட்டி அடிப்பலகைமேல் திரும்பும் எளிய வகை) ஒன்றைச் செய்து, 6 அங்குல ஆடித் தொலைநோக்கியை அதில் அமர்த்தி, சென்னையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சில இரவுகள் வானம் பார்த்த பிறகு, அம்மூன்றுமே எனக்கு ஒப்பவில்லை.

பீடம் அசையாதது. மவுண்ட்டோ விரலால் தள்ளினால் நகர வேண்டும். விட்ட இடத்தில் நிற்கவும் வேண்டும். 100 மடங்கு உருப்பெருக்கத்தில் எனக்குத் தெரியும் வானம் அரைப் பாகை அகலமே. புவி 4 நிமிடத்துக்கு 1 பாகை வீதம் சுழல்வதால், சனிக்கோள் 2 நிமிடத்தில் ஒரு விளிம்பில் நுழைந்து மறு விளிம்பில் மறைந்துவிடுகிறது. முதல் இரவில் மரத்தோடு மரம் உராய்ந்ததால், குழல் மெல்லத் தள்ளினால் நகரவில்லை. சற்று அழுத்தினால் சனியைத் தாண்டிக் குதித்தது. தச்சர் மிச்சம் வைத்துப்போன மைக்காத் தகட்டை அடியில் ஒட்டி, அதன்மீது வழுக்கும்படி மூன்று டெஃப்லான் துண்டுகளைப் பொருத்திய பின்னரே, திரிகைக்கல் முளையைச் சுற்றுவதுபோல் பெட்டி திரும்பியது. இத்துண்டுகளைத்தான் பொறியியலில் தாங்கி என்கிறோம். பந்துத்தாங்கி (பால் பேரிங்) என்ற சொல் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. மவுண்ட்டையும் தாங்கி என்றால், 'தாங்கியின் தாங்கியில் உராய்வு மிகுதி' என்று எழுத நேரும். தாங்கல் என்றாலோ சென்னைக்காரருக்குப் பழவந்தாங்கல்தான் நினைவுக்கு வரும்.

எனவே 'ஏந்து' என்ற வினையிலிருந்து 'ஏந்தி' என்பதைப் பரிந்துரைக்கிறேன். முதலில் 'ஏந்தம்' என்றுதான் எண்ணினேன்; ஆனால் வருந்து வருத்தமாவதுபோல் ஏந்து 'ஏத்தம்' ஆக வேண்டும் என்று இலக்கணம் அறிந்தோர் திருத்துவர், பேச்சு வழக்கில் அது கிணற்று ஏற்றமாகிவிடும். ஏந்தி வினையெச்சம்போல் ஒலிக்கிறது என்பது உண்மையே. தாங்கிக்கும் அக்குறை உண்டு, எவரும் அதனால் குழம்பியதில்லை.

இனி அடைமொழி. பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் திரும்பும் எளிய வகைக்கு 'ஈரச்சு' என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். விண்மீன்களின் நகர்வைப் பின்தொடரும் மற்ற வகைக்கும் அச்சு இரண்டுதான். வேறுபாடு, அச்சு எத்தளத்தைச் சார்ந்தது என்பதில் இருக்கிறது: முன்னதன் அடிப்பலகை தரைக்கு இணையானது, பின்னதன் முதன்மை அச்சு புவியின் அச்சுக்கு இணையாக, அதாவது நடுவரைத்தளத்துக்கு (புவியின் நடுக்கோடு அமையும் தளத்துக்கு) செங்குத்தாகச் சாய்ந்தது. ஆகவே 'கிடைத்தள ஏந்தி', 'நடுவரைத்தள ஏந்தி' என்ற இணையே பொருந்தும். காவலூரில் உள்ள வேணு பாப்பு 2.34 மீட்டர் தொலைநோக்கி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. 'அடிவான ஏந்தி' என்பதையும் எண்ணிப் பார்த்தேன், பக்கத்து வீட்டுச் சிறுவனிடம் சொன்னபோது, "அப்ப இதுல தலைக்கு மேல பாக்க முடியாதா?" என்று கேட்டுவிட்டான்.

அவன் கேட்டதிலும் ஓர் உண்மை இருக்கிறது. உச்சிக்கு அருகில் கிடைத்தள ஏந்தி தடுமாறும். சென்னையில் ரோகிணி விண்மீன் உச்சியிலிருந்து ஏறத்தாழ 3 பாகை தள்ளிக் கடக்கும்போது, நேராக நிற்கும் குழலைப் பக்கவாட்டில் திருப்பப் பிடிமானமே கிடைப்பதில்லை. பெட்டியையே கட்டிப்பிடித்துத் திருப்ப வேண்டியிருக்கிறது. ஆயினும் சென்னையின் 13 பாகை அகலாங்கில் (அட்சரேகையில்) நடுவரைத்தள ஏந்தியின் அச்சு ஏறக்குறையப் படுத்துவிடுவதாலும், அதை நேர்ப்படுத்த உதவும் துருவ விண்மீன் எங்களுக்கு எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருப்பதாலும், மாடியில் பொழுதுபோக்காகப் பார்ப்போர்க்கு நான் கிடைத்தள ஏந்தியையே சொல்வேன்.

1968இல் சான் பிரான்சிஸ்கோவில் நடைபாதை வானியலாளர் குழுவைத் தொடங்கியோருள் ஒருவரான ஜான் டாப்சனின் பெயரை மாற்றத் தேவையில்லை. கிடைத்தள ஏந்தியின் ஒரு வகையாக 'டாப்சன் ஏந்தி' என்றே இருக்கட்டும். மேல்கீழ்க் கோணத்துக்குக் குத்துயரம், ஏற்றக்கோணம் என்ற இரண்டும் வழங்குகின்றன. குத்துயரம் மீட்டரில் அளப்பதுபோல் தோன்றுவதால் நான் பின்னதைச் சார்கிறேன். மாற்றுக் கருத்துடையோர் எழுத வேண்டுகிறேன்.