தில்லி – டோக்கியோ விமானம்: போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஏன் வேறுபடுகின்றன?

வைகைக்கரை:
வணக்கம். வரும் ஜனவரியில் என் தாயாரைத் தில்லி வழியாக டோக்கியோவுக்கு அழைத்துச் செல்லவிருக்கிறேன். தில்லிக்கும் டோக்கியோவுக்கும் இடையே நேர்க்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 5,850 கிலோமீட்டர் என்றும், ஆறரை மணி நேரத்தில் பறந்துவிடலாம் என்றும் ஓர் இணையக் கணிப்பானில் கண்டேன். பயணச்சீட்டிலோ இரவு 8.00 மணிக்குப் புறப்படும் விமானம் மறுநாள் காலை 7.30 மணிக்குச் சேரும் என்றும், திரும்பும்போது முற்பகல் 11.00 மணிக்குக் கிளம்பி மாலை 5.15 மணிக்குத் தில்லியில் இறங்கும் என்றும் இருக்கிறது. அம்மா வேளை தவறாமல் இன்சுலின் போட்டுக்கொள்பவர். உண்மையில் எத்தனை மணி நேரம் பயணத்தில் இருப்போம்?

கடற்காகம்:
பயணச்சீட்டில் உள்ளவை அந்தந்த ஊரின் உள்ளூர் நேரங்கள். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முந்தியது. ஆகவே போகும்போது பதினொன்றரை மணியில் மூன்றரையைக் கழித்தால் 8 மணி நேரம். வரும்போது ஆறேகால் மணியுடன் மூன்றரையைக் கூட்டினால் ஒன்பதே முக்கால் மணி நேரம். விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், இறங்கியபின் முனையத்தை அடைவதும் இதில் அடங்கும்.

வானிலைப் பித்தன்:
கணிப்பான் காற்றையும் மலையையும் கணக்கில் கொள்வதில்லை. மிகக் குறுகிய பாதை இமயத்தைக் கடந்து திபெத்தின் மேல் செல்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் உடனே ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். ஆனால் அங்கே தரையே சராசரியாக 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால் பெரும்பாலான விமானங்கள் தெற்கே விலகி, வங்கதேசம், மியான்மர், தென்சீனம் வழியாகச் செல்கின்றன.

இனி காற்று. குளிர்காலத்தில் இமயத்தின் தெற்கு ஓரமாக மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓடும் வேகக் காற்றோட்டம், ஜப்பானின் மேல் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டுவதுண்டு. 1920களிலேயே பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்த ஜப்பானிய வானிலையாளர் வாசாபுரோ ஓயிஷி, தம் முடிவுகளை எஸ்பெராண்டோ என்னும் செயற்கைப் பொதுமொழியில் வெளியிட்டார். உலகம் அவற்றைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தமுண்டு. ஜூன் வாக்கில் இக்காற்றோட்டம் திபெத்துக்கு வடக்கே நகர்ந்துவிடுவதால், கோடையில் இருவழி நேர வேறுபாடு குறைகிறது.

வைகைக்கரை:
மிக்க நன்றி ஐயா. அப்படியானால் போகும்போது மிச்சமாகும் நேரமும் வரும்போது இழக்கும் நேரமும் சரிக்குச் சரியாகிவிடும் அல்லவா?

வானிலைப் பித்தன்:
ஆகாது. 6,000 கிலோமீட்டரை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 6 மணி 40 நிமிடம் ஆகும். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று பின்னிருந்து தள்ளினால் 6 மணி நேரம் போதும். அதே காற்று எதிரே நின்றால் ஏழரை மணி நேரம். அதாவது 40 நிமிடம் மிச்சம், 50 நிமிடம் இழப்பு. எதிர்க்காற்றில் கூடுதல் நேரம் கழிப்பதே காரணம்.

கடற்காகம்:
இன்சுலின் அளவை மருத்துவரிடம் கேட்கும்போது உள்ளூர் நேரங்களைச் சொல்லாமல், போக 8 மணி, வர ஒன்பதே முக்கால் மணி என்று கழியும் நேரத்தைச் சொல்லுங்கள். சரக்கறையில் உறைந்துபோக வாய்ப்புள்ளதால் மருந்தைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். மருத்துவர் சீட்டும் உடன் இருக்கட்டும்.