‘பங்குதாரர்’ வேண்டாம்: மின் திட்டங்களில் மக்களை நாடிச் செல்வதற்கு ஒரு சொல்

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். உயர்மின் பாதை ஒன்றுக்கான ஆவணத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘ஸ்டேக்ஹோல்டர் அவுட்ரீச் பிளான்’ என்ற தொடர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. திட்டத்தால் பாதிப்போ அதில் அக்கறையோ உள்ளவர்களைத் தேடிப்போய்ப் பேசுவதற்கான ஏற்பாடு என்று பொருள். பணி கொடுத்தவர்கள் அனுப்பிய சொற்பட்டியலில் இதற்குப் ‘பங்குதாரர் வெளித்தொடர்புத் திட்டம்’ என்று இருக்கிறது. அதை அப்படியே வைத்து எழுதியதில் ஒரு வாக்கியம் இப்படி வந்து நின்றது: ‘திட்டத்தின் பங்குதாரர் வெளித்தொடர்புத் திட்டம் திட்டமிடல் கட்டத்திலேயே திட்டமிடப்பட வேண்டும்.’

படித்துப் பார்த்த என் அத்தை, “பங்கு என்ன விலைக்குத் தருகிறார்கள்?” என்று கேட்டார்.

இந்த ஆவணம் கிராமங்களில் படிக்கப்படப்போகிறது. ‘தொடர்புடையோர்’, ‘ஆர்வலர்’, ‘பாதிக்கப்பட்டோர்’ என்று மூன்று மாற்றுகள் கைவசம் உள்ளன. எதிலும் மனம் ஒட்டவில்லை. ‘அவுட்ரீச்’ என்பதற்கோ எதுவுமே இல்லை. உதவுங்கள்.

சென்னையிலிருந்து

* * *

சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் அத்தை கேட்டது சரியான கேள்வி. தமிழில் பங்குதாரர் என்றால் கூட்டு வணிகத்தில் முதல் போட்டவர், இல்லாவிட்டால் கம்பெனிப் பங்கு வாங்கியவர். இலாபம் வந்தால் அதில் பங்கு கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு இருவருக்கும் உண்டு. தென்னந்தோப்புக்கு மேலே கம்பி போகிறது என்பதைத் தவிர வேறு எந்தப் பங்கும் இல்லாதவரை அப்படி அழைப்பது கேலிதான். டென்மார்க்கில் 2008இல் ஒரு சட்டம் வந்தது. புதிதாகக் காற்றாலை அமைப்பவர் குறைந்தது 20 சதவீதப் பங்குகளை நாலரை கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு விலைக்குத் தர முன்வர வேண்டும் என்றது அது. அந்த ஊர்க்காரர்களைப் பங்குதாரர் என்று எழுதுங்கள், நான் மறுக்க மாட்டேன். நம் மின்பாதைகளில் அப்படி ஒன்றும் இல்லை.

‘தொடர்புடையோர்’ என்ற சொல்லை நாளிதழ்கள் எப்போதோ கெடுத்துவிட்டன. ‘நகைப் பறிப்பில் தொடர்புடையோர் கைது’ என்று தினமும் படிக்கிறவருக்கு, ‘மின்பாதையில் தொடர்புடையோர் கூட்டத்துக்கு வரவும்’ என்று நோட்டீஸ் போனால் வருவாரா, வக்கீலைப் பார்க்கப் போவாரா? ‘ஆர்வலர்’ விரும்பி வருகிறவர். பறவை ஆர்வலர் உண்டு. தன் காட்டின் (விளைநிலத்தின்) நடுவில் இரும்புக் கோபுரம் நிற்கப்போகிறதே என்று தூக்கம் கெட்டுக் கிடப்பவருக்கு அதில் என்ன ஆர்வம்? ‘பாதிக்கப்பட்டோர்’ இறந்தகாலம். எல்லாம் நடந்து முடிந்து நிவாரணத்துக்கு வரிசையில் நிற்பவருக்குத்தான் அது பொருந்தும். இந்த ஆவணமோ பாதிப்பு நேர்வதற்கு முன்னால் பேசுவதற்கானது.

‘நிலம் இழப்போர்’ என்று யாராவது சொல்லக்கூடும் என்பதால் முன்கூட்டியே ஒன்று. மின்பாதைக்குப் பெரும்பாலும் நிலம் எடுப்பதே இல்லை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவு, 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரங்களை மின்பாதை அமைப்பவருக்குக் கொடுக்க அரசுக்கு வழிவிடுகிறது. அதனால் நிலத்தைக் கையகப்படுத்தாமலே கோபுரத்தை நட்டுவிடலாம். பட்டா விவசாயியின் பெயரில் இருக்கும், கோபுரம் நடுக்காட்டில் இருக்கும். கம்பிக்குக் கீழே தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது. காகிதத்தில் அவர் எதையும் இழக்கவில்லை. 2015 அக்டோபரில் வந்த மத்திய மின் அமைச்சக வழிகாட்டுதல் கோபுரத்தின் காலடிக்கு நிலமதிப்பில் 85 சதவீதமும், கம்பிப் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதமும் இழப்பீடு என்றது. 2024 ஜூனில் அவை 200, 30 என்று உயர்த்தப்பட்டன. ஆக, கோபுரத்துக்காரர் ஒரு வகை, கம்பிக்காரர் ஒரு வகை. இருவருமே ‘நிலம் இழப்போர்’ அல்லர்.

பத்திரத் தமிழில் ‘பாத்தியதை’ என்று அழகான சொல் இருக்கிறது. ‘பாத்தியதை உள்ளவர்’ என்று வைக்கலாமா என்று நானும் யோசித்தேன். நில அளவைத் துறையில் வேலை பார்த்தவனுக்கு அந்தச் சொல்லின் மேல் ஒரு பாசம் உண்டு. ஆனால் பத்திரம் இல்லாத குத்தகைதாரர், பட்டியில் ஆடு அடைப்பவர், களை எடுக்க வரும் பெண்கள் எல்லோரும் அதில் வெளியே போய்விடுகிறார்கள்.

என் முன்மொழிவு: பாடுடையோர். ஒருமையில் பாடுடையவர்.

வயிற்றுப்பாடு என்கிறோம். பாடுபட்டுச் சேர்த்தது என்கிறோம். மழை பொய்த்தால் நம் பாடு திண்டாட்டம் என்கிறோம். உழைப்பு, பிழைப்பு, வந்து சேரப்போகும் கஷ்டம் எல்லாம் அந்த இரண்டு எழுத்தில் இருக்கின்றன. இந்தத் திட்டத்தால் யாருடைய பாடு மாறப்போகிறதோ அவர் பாடுடையவர். பட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும். (‘பாட்டாளி’ இன்னும் எடுப்பாக இருந்திருக்கும். அதைத் தொழிற்சங்கமும் அரசியல் கட்சியும் எடுத்துக்கொண்டுவிட்டன.)

அடுத்து ‘அவுட்ரீச்’. ‘மக்கள் தொடர்பு’ என்றால் செய்திக்குறிப்பு அனுப்பும் அலுவலகம். ‘பரப்புரை’ ஓட்டுக் கேட்பது. ‘கலந்தாய்வு’ பொறியியல் கல்லூரி இடத்துக்கானது என்று ஆகிவிட்டது. ‘விழிப்புணர்வு’ என்ற சொல் எனக்கு ஆகவே ஆகாது. ஊர் தூங்குகிறது, அதிகாரி எழுப்புகிறார் என்ற நினைப்பில் பிறந்தது அது.

‘கருத்துக்கேட்பு’ நல்ல சொல். ஆனால் அதற்குச் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்துவது அது. முப்பது நாள் முன்னறிவிப்பு, மேடையில் மாவட்ட ஆட்சியர் அல்லது அவருடைய பிரதிநிதி, முழுக்க வீடியோ பதிவு. இத்தனை பேர் வந்தால்தான் தொடங்கலாம் என்ற கட்டாயம் கிடையாது. நான் பார்த்த ஒரு கூட்டத்தில் சாமியானாவுக்குக் கீழே முன்வரிசை நாற்காலிகள் முழுவதும் காலையிலேயே நிரம்பிவிட்டன. நிரப்பியவர்கள் வேனில் வந்து இறங்கியவர்கள். ஊர்க்காரர்கள் கயிற்றுக்கு அப்பால் நின்றார்கள். இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மின்பாதை, காற்றாலை, சூரிய மின்பூங்கா ஆகியவை அந்த அறிவிக்கைக்குள்ளேயே வருவதில்லை. அவற்றுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் சட்டப்படி கட்டாயமில்லை. இல்லாத ஒன்றின் பெயரை உங்கள் ஆவணத்தில் போட்டால் படிப்பவர் ஏமாந்து போவார்.

அப்படியானால் மின்பாதை வருவது ஊருக்கு எப்படித் தெரிகிறது? நான் வேலையில் இருந்த காலத்தில் பலருக்கு முதல் தகவல், வரப்பை ஒட்டி அடித்த சிவப்புச் சாய முளைதான். மாட்டைக் கட்டிவிட்டு வந்து, “யார் அடித்தது இது?” என்பார்கள். எங்கள் கையில் புல வரைபடம் இருக்கும், சர்வே எண் இருக்கும், உட்பிரிவு வரை இருக்கும். அவர் கேட்டதற்குப் பதில் இருக்காது.

முளைக்கு முன்னால் மனிதர் போக வேண்டும். அதற்குத்தான் சொல் வேண்டும். ‘நாடுகை’ என்று வைக்கலாம். வருகை, செய்கை, ஆளுகை மாதிரி. ‘மருத்துவரை நாடவும்’ என்று மருந்துச் சீட்டில் இருக்கிறதே, அதே நாடல். தேவை உள்ளவர்தான் நாடிப் போவார். மின்பாதை வேண்டியவர் நிறுவனத்தார். ஆகவே அவர் ஊரை நாட வேண்டும். யார் யாரிடம் போவது என்பதை வினையே சொல்லிவிடுகிறது.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டப் புகளூருக்கு 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதை வந்தபோது நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 6000 மெகாவாட் கொண்டுவரும் பாதை. 2018 இறுதியில் திருப்பூர், ஈரோடு பக்கத்து விவசாயிகள் உயர்மின் கோபுரங்களை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தார்கள். சாலையோரமாக மண்ணுக்கடியில் புதைவடமாகக் கொண்டுபோங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. முடியாது என்றார்கள். ஆனால் புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் பாதையில் கேரளத்துக்குள் ஒரு பகுதி புதைவடம்தான். அந்தப் பாதை 320 கிலோவோல்ட், தொழில்நுட்பமும் வேறு. ஒப்பிடும்போது அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த வேறுபாட்டை வரப்பில் நின்று விளக்கி, ‘இங்கே முடியாது, ஆனால் இந்தக் கோபுரத்தை இருபது மீட்டர் தள்ளலாம்’ என்று பேரம் பேசுவதுவரை எல்லாமே நாடுகைக்குள் வரும்.

‘திட்டம்’ இரண்டுமுறை மோதுவதைத் தவிர்க்க, பிளானுக்கு ‘நிரல்’. பாடுடையோர் நாடுகை நிரல்.

காங்கேயத்திலிருந்து

* * *

ஐயாவுக்கு வணக்கம்.

இலங்கையின் மன்னாரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அரச ஆவணங்களிலும் ‘பங்குதாரர்’ அதிகம், சிலவற்றில் ‘அக்கறையுடைய தரப்பினர்’ என்றும் வரும். ‘பாடு’ என்று நீங்கள் எழுதியதைக் கண்டதும் சிரிப்பு வந்தது. எங்கள் கரையோரத்தில் அந்தச் சொல்லுக்குத் திருத்தமான பொருள் உண்டு. கரைவலை இழுக்கும் இடத்தைக் ‘கரைவலைப் பாடு’ என்போம். இது இன்னாருடைய பாடு என்று கரை முழுக்கத் தெரியும். ஆகவே ‘பாடுடையோர்’ என்றால் இங்குள்ள கடற்றொழிலாளருக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

இங்கே மன்னார் தீவின் தென்கரையில் இலங்கை மின்சார சபை அமைத்த தம்பபவனிக் காற்றாலைகள் முப்பது நிற்கின்றன, 103.5 மெகாவாட், 2020 டிசம்பரில் திறந்துவைத்தார்கள். அவற்றுக்குப் பிறகு மாரியில் வெள்ளம் வடிந்தோட வழியில்லாமல் தேங்குகிறது என்பது சனங்களின் முறைப்பாடு. மீன் கரையை விட்டு விலகுகிறது என்றும் சொல்கிறார்கள். அக்கரையில் வங்காலைச் சரணாலயத்துக்கு வரும் வலசைப் பறவைகளைப் பற்றிய கவலை வேறு. இவற்றில் எது எவ்வளவு உண்மை என்று தொடக்கத்திலேயே கூடி இருந்து பேசியிருந்தால், 2025 ஆகஸ்டில் புதிய காற்றாலைகளின் உதிரிப்பாகங்களை ஏற்றிவந்த பாரவூர்திகளைச் சனங்கள் தெருவில் மறித்திருக்க மாட்டார்கள். பின்னர் சனாதிபதி ஒரு மாதத்துக்கு வேலையை நிறுத்திவைத்தார்.

எங்கள் நடைமுறையில் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு 30 வேலை நாட்கள் வைப்பார்கள். அறிக்கை தடித்த புத்தகம். அதைப் பிரதேச செயலகத்தில் போய் இருந்து வாசித்து, எழுத்தில் கருத்து அனுப்ப வேண்டும். விடியற்காலை வலை இழுக்கிறவர் எந்த நேரம் போய் வாசிப்பது? எனவே ‘நாடுகை’ எனக்கு உடன்பாடு. வாசிப்பு மேசையைக் கரைக்குக் கொண்டுவா என்று கேட்க ஒரு சொல் கிடைக்கிறது.

ஒரு தடை. உங்கள் சொல் எல்லோரையும் உள்ளடக்காது. கடன் கொடுக்கும் வங்கி, அமைச்சு, பறவை ஆய்வாளர் ஆகியோரும் ஆங்கில ஆவணத்தில் ஸ்டேக்ஹோல்டர்தான். வங்கிக்கு என்ன பாடு? உலக வங்கி 2018இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சமூக, சூழல் நெறிமுறைகளில் பத்தாவது இதற்கானது. அதில் திட்டத்தால் பாதிப்படையக்கூடியவர் ஒரு பிரிவு, அக்கறை மட்டும் உள்ளவர் மற்றப் பிரிவு. நாமும் அவ்வாறே பிரிக்கலாம். முதலாமவர் பாடுடையோர், இரண்டாமவர் அக்கறையுடையோர். இரண்டும் சேர்ந்தால் ‘தரப்பினர்’. இதனால் ஒரு வசதி: ‘அனைத்துத் தரப்பினருடனும் பேசினோம்’ என்று எழுதி, பேசியது முழுவதும் கொழும்பில் உள்ள அக்கறையுடையோருடன் மட்டும்தான் என்றால் அட்டவணையைப் பார்த்த உடனே பிடிபடும்.

* * *

அன்புச் சகோதரருக்கு,

கரைவலைப் பாடு எனக்குப் புதிய செய்தி. நன்றி. பிரிவினையை ஏற்கிறேன். ஆனால் தலைப்பில் ‘தரப்பினர்’ வரக் கூடாது. அட்டையில் எது இருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் நிதி ஒதுக்குவார்கள். தலைப்பில் பாடுடையோர், உள்ளே ஓர் இயலில் அக்கறையுடையோர்.

காங்கேயத்திலிருந்து

* * *

இருவருக்கும் நன்றி. முடிவாக இப்படி எழுதியிருக்கிறேன்:

‘பாடுடையோர் நாடுகை நிரல் – பாதையை அளக்கத் தொடங்குவதற்கு முன்பே இது தயாராக வேண்டும். கோபுரம் அமையும் நிலத்தார், கம்பி கடக்கும் நிலத்தார், குத்தகைதாரர், மேய்ச்சல்காரர், கூலி வேலை செய்வோர் ஆகியோரின் பட்டியலை ஊர்வாரியாக எடுக்க வேண்டும். யார், எந்தத் தேதியில், எந்த ஊருக்குப் போய், எதைச் சொன்னார், பதிலுக்கு ஊரார் என்ன கேட்டார்கள், அதனால் வரைபடத்தில் எது மாறியது என்பதைப் பதிவுசெய்ய வேண்டும்.’

அத்தையிடம் காட்டினேன். இந்தமுறை விலை கேட்கவில்லை, “மேய்ச்சல்காரரை எங்கே போய்ப் பட்டியல் எடுப்பார்கள், இன்றைக்கு ஒரு காடு, நாளைக்கு ஒரு காடு என்று போகிறவர்கள் ஆயிற்றே?” என்றார். அதற்கு ஒரு பத்தி சேர்க்க வேண்டும். பணி கொடுத்தவர்கள் ‘பங்குதாரர்’ என்ற சொல்லை விட்டுக்கொடுப்பார்களா என்பது திங்கட்கிழமை தெரியும். மறுத்தால், காங்கேயத்து ஐயாவின் மடலை அப்படியே இணைத்து அனுப்பலாமா?

சென்னையிலிருந்து