சொல் தேவை: கிளியர், கேரியர், அஃபெக்டட் (வியாழனுக்குள்)

மொழிபெயர்ப்பாளர், மதுரை | திங்கள் காலை

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நாய் வளர்த்துக் குட்டி விற்பவர்களுக்கான எட்டுப் பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வியாழன் மாலை அச்சுக்குப் போக வேண்டும். இணை சேர்க்கும் முன் ஆண், பெண் இரண்டுக்கும் மரபணுச் சோதனை செய்யுங்கள் என்பதுதான் அதன் சாரம். ஆய்வக அறிக்கையில் ஒவ்வொரு நோய்க்கும் எதிரே மூன்றில் ஒரு சொல் இருக்கும்: கிளியர், கேரியர், அஃபெக்டட். முதலும் (பழுதே இல்லாதது) கடைசியும் (நோய்க்கு ஆளானது) எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். நடுவில் இருப்பதுதான் என்னைப் படுத்துகிறது.

கேரியர் என்றால், தாய் தந்தையில் ஒருவரிடமிருந்து பழுதான மரபணுவையும் மற்றவரிடமிருந்து நல்ல மரபணுவையும் பெற்ற நாய். அதற்கு நோய் வராது. ஆனால் பழுது அதன் குட்டிகளுக்குப் போகக்கூடும். வரைவில் 'கடத்தி' என்று போட்டிருந்தேன். வளர்ப்பவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டியபோது, "யாரு கடத்தினது?" என்று கேட்டார். 'கேரியர்' என்றே விட்டால் சாப்பாட்டுக் கேரியரும் சைக்கிள் கேரியரும்தான் நினைவுக்கு வருகின்றன. உதவுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர் | திங்கள் நண்பகல்

அம்மையீர்,

'கடத்தி' வேண்டவே வேண்டா. இயற்பியலில் மின்கடத்தி இருக்கிறது, செய்தித்தாளில் ஆள்கடத்தல் இருக்கிறது. 'நோய்தாங்கி' என்று சிலர் எழுதுகிறார்கள். அது அதைவிடத் தீது. 'வறட்சி தாங்கும் நெல்' என்றால் வறட்சியை வென்று நிற்கும் நெல். நோய்தாங்கி என்றால் நோயை எதிர்த்து நிற்கும் நாய் என்றல்லவா படிப்பார்கள்?

உள்ளே மறைந்திருப்பதே இங்குப் பொருள். 'கரத்தல்' என்ற வினை நமக்கு இருக்கிறது. "கரத்தலும் ஆற்றேன்இந் நோயைநோய் செய்தார்க்கு / உரைத்தலும் நாணுத் தரும்" (குறள் 1162). நோயைக் கரப்பது என்ற சொல்லாட்சியே கிடைக்கிறதே! நோயைக் கரந்து வைத்திருப்பது 'கரவி'. ஒடுங்கு பண்பு (வெளியே தெரியாமல் அடங்கியிருப்பது), ஓங்கு பண்பு (வெளிப்படுவது) என்ற பாடநூல் வழக்கோடும் பொருந்தும்: ஒடுங்கு பழுதைக் கரந்திருப்பது கரவி.

மேலும் ஒன்று. வரைவில் 'நாய்க்குட்டி' என்று வருவதாகத் தெரிகிறது. தொல்காப்பிய மரபியல் "நாயே பன்றி புலிமுயல் நான்கும் / ஆயுங் காலைக் குருளை என்ப" என்கிறது. பெண் நாய்க்குப் 'பிணவு' என்றும் அங்கேயே பெயர் சொல்லியிருக்கிறது. 'குட்டி' கீரிக்கும் பூனைக்கும் எலிக்கும் அணிலுக்கும் உரியது. கையேட்டில் குருளை, பிணவு என்றே எழுதினால் இரண்டு நல்ல சொற்கள் மீளும்.

முனைவர் பட்ட மாணவர், கோயம்புத்தூர் | திங்கள் மாலை

ஐயா, பணிவோடு ஒன்று. அந்த நூற்பாவுக்குச் சற்றுத் தள்ளி "குட்டியும் பறழும் கூற்றவண் வரையார்" என்று வருகிறதே. குருளை எனப்பட்டவற்றைக் குட்டி என்றாலும் பறழ் என்றாலும் விலக்கில்லை என்பதுதானே பொருள்? நாய்க்குட்டிக்குத் தொல்காப்பியரே இடம் கொடுத்துவிட்டார். அதற்கடுத்ததுதான் எனக்குப் பிடித்தது: "பிள்ளைப் பெயரும் பிழைப்பாண்டு இல்லை / கொள்ளுங் காலை நாயலங் கடையே." பிள்ளை என்றும் சொல்லலாம், நாயைத் தவிர. ஏன் நாயை மட்டும் விலக்கினார் என்று உரைகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

கரவி அழகாக இருக்கிறது. ஆனால் 'கரவு' வஞ்சனையும் அல்லவா?

நாய் வளர்ப்பவர், இராசபாளையம் | திங்கள் இரவு

எல்லாருக்கும் வணக்கம். அக்கா சொல்லி இந்தக் குழுவுக்கு வந்தேன். கைபேசியில அடிக்கிறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

தொல்காப்பியர் என்ன சொன்னாரோ தெரியாது, எங்க வீட்ல நாயைப் பிள்ளைன்னுதான் சொல்றோம். குருளை, பிணவுன்னு அச்சடிச்சா எங்க பக்கம் ஒருத்தரும் படிக்க மாட்டாங்க. பொட்டை, கடுவன், குட்டி. அதான் பேச்சு.

எனக்குச் சொல்லைவிடப் பெரிய கவலை ஒண்ணு இருக்கு. எங்க நாய் பால் வெள்ளை, மூக்கு ரோஸ். ஒரு ஈத்துல ஒண்ணு ரெண்டு செவிடாப் பிறக்கும். தாத்தா காலத்துல தட்டைத் தட்டிப் பாத்து, திரும்பாத குட்டியை அன்னைக்கே முடிச்சுருவாங்க. நான் சின்னப் பையனா நின்னு பாத்திருக்கேன். இப்போ நீங்க 'கேரியர்'னு ஒரு நாய்க்குப் பேர் வச்சா, அந்த நாய்க்கும் அதே கதி வரும். விலை போகாது. கூட்டத்துல யாரும் இணை தர மாட்டாங்க. பேர் வைக்கும்போது அதை நினைச்சுக்கோங்க.

கால்நடை மருத்துவர், விருதுநகர் | செவ்வாய் காலை

தம்பி சொன்னதைத்தான் நானும் எழுத உட்கார்ந்தேன். இரண்டு விஷயங்களைப் பிரித்துவிடுகிறேன்.

இராசபாளையம் நாயின் செவிட்டுத்தன்மையை இந்த மூன்று சொற்களுக்குள் அடைக்காதீர்கள். உள்காதில் நிறமி உயிரணுக்கள் இருக்க வேண்டும். வெள்ளை நாய்கள் சிலவற்றில் அவை அங்கே போய்ச் சேருவதில்லை. அதனால் கேள்வி உணரும் நுண்மயிர் அணுக்கள் பிறந்த சில வாரங்களில் அழிந்துவிடும். டால்மேஷனில் இது நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. ஆனால் ஒற்றை மரபணுவைப் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லும் சோதனை கிடையாது. செய்ய வேண்டியது செவித்திறன் சோதனை: தலையில் மெல்லிய மின்முனைகள் பொருத்தி, காதில் ஒலி கொடுத்து, மூளைத்தண்டு அதை வாங்குகிறதா என்று கணினியில் பார்ப்பது. ஐந்து, ஆறு வார வயதில் செய்யலாம். தட்டைத் தட்டினால் ஒரு காது மட்டும் செவிடான குட்டி திரும்பிப் பார்த்துவிடும். மற்ற குட்டிகள் ஓடுவதைப் பார்த்து முழுச் செவிடும் ஓடும். அப்படித் தப்பிய குட்டி வளர்ந்து பொலிக்கு நிற்கும், பழுது அடுத்த ஈத்துக்குப் போகும்.

மூன்று சொற்கள் பொருந்துவது லேப்ரடாரிலும் காக்கர் ஸ்பேனியலிலும் வரும் விழித்திரைத் தேய்வு போன்ற நோய்களுக்கு. அதில் ஒரே ஒரு மரபெழுத்து மாறியிருக்கிறது. முதலில் மாலைக்கண், பிறகு முழுக்குருடு. பழுது இரண்டு பக்கமும் வந்தால்தான் நோய். கேரியரை கிளியரோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் அந்த நோய் வராது. சராசரியாகப் பாதிக் குட்டிகள் கேரியராக இருக்கும், அவ்வளவுதான். கேரியரும் கேரியரும் சேர்ந்தால்தான் நான்கில் ஒன்றுக்கு ஆபத்து.

கேரியர்களையெல்லாம் ஒதுக்கினால் என்ன ஆகும்? சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை போன்ற நாட்டு நாய் இனங்களின் சிறிய கூட்டங்களில் ஏற்கெனவே அண்ணன் தங்கைக்குள்தான் சுற்றிவருகிறது. நல்ல நாய்களை ஒரு மரபணுவுக்காகத் தள்ளினால், மிச்சமிருப்பவற்றில் நாம் சோதிக்காத வேறு பழுதுகள் இரண்டிரண்டாகச் சேரும். ஆகவே நடுச்சொல் 'தள்ளு' என்று சொல்லக்கூடாது, 'பார்த்துச் சேர்' என்று சொல்ல வேண்டும். 'கரவி'யைக் கேட்டால் உரிமையாளர் எதையோ மறைத்த மாதிரி இருக்கிறது.

ஆசிரியர், யாழ்ப்பாணம் | செவ்வாய் மாலை

வணக்கம். எங்கட பாடப்புத்தகங்களில இதுக்குக் 'காவி' எண்டு கனகாலமாய் இருக்குது. நுளம்பு, உங்கட கொசு, நோய்க்காவி. காவுதல் எண்டால் தூக்கிக்கொண்டு போறது, இண்டைக்கும் பேச்சில இருக்கு. காவடியும் அந்தக் 'கா'விலதான் தொங்குது. புறநானூறு 206இல ஔவை "காவினெம் கலனே சுருக்கினெம் கலப்பை" எண்டு புறப்படுறா. கலங்களைக் காவிக்கொண்டாள். சங்கச் சொல், வாழும் சொல், வினையும் பெயருமாய் வரும். ஏன் புதிசாய்த் தேட வேணும்? எங்களிட்ட ஜீன் பரம்பரையலகு, ஒடுங்கு பின்னிடைவு. அதையெல்லாம் மாத்தச் சொல்லேல்லை. இந்த ஒரு சொல்லையாவது இரண்டு கரையும் பகிரலாமே.

மொழிபெயர்ப்பாளர், மதுரை | செவ்வாய் இரவு

ஐயா, ஔவை வரியைப் படித்ததும் முடிவெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். இரவே இராசபாளையத்துத் தம்பியிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அக்கா, காவு குடுக்கிறதுங்கிற மாதிரி கேக்குதே" என்றார். இங்கே 'காவு' கோயிலில் கிடாய்க்கு நடப்பது. எதைத் தவிர்க்க நினைக்கிறோமோ அதுவே சொல்லுக்குள் வந்து நிற்கிறது. மனமில்லாமல் விடுகிறேன்.

'சுமப்பி'யும் பார்த்தேன். சினையாக இருக்கும் நாயென்று தோன்றும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர் | புதன் காலை

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பக்கத்துப் பொருளைக் காட்டி விலக்கினால் தமிழில் ஒரு சொல்லும் மிஞ்சாது. கலைச்சொல் பழகப் பழகப் பொருள் கொள்ளும். 'மரபணு' என்பதும் ஒருநாள் விந்தையாகத்தான் ஒலித்தது. "கடிசொல் இல்லைக் காலத்துப் படினே." கரவு தீச்சொல் என்கிறீர்கள். "காக்கை கரவா கரைந்துண்ணும்" என்பதில் கரவு வெறும் மறைத்தலே. அறிவியலுக்கு அது போதும். யாழ்ப்பாணத்து நண்பரின் காவியை ஏற்றாலும் எனக்கு உடன்பாடே. சோறு வடிக்கும் பேச்சிலிருந்து மட்டும் கலைச்சொல் எடுக்காதீர்கள்.

நாய் வளர்ப்பவர், இராசபாளையம் | புதன் நண்பகல்

ஐயா கோவிக்காதீங்க. மருத்துவரம்மா சொன்னதைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். ரெண்டு பக்கமும் வந்தா நோய், ஒரு பக்கம் வந்தா இல்லை. அப்போ எண்ணிச் சொன்னா என்ன? புளியங்கொட்டை வச்சு ஒத்தையா ரெட்டையா விளையாடுவோம்ல. பழுதில்லை, ஒத்தைப் பழுது, ரெட்டைப் பழுது. ஒத்தையும் ஒத்தையும் சேந்தா ரெட்டை வரும், சேக்காதே. ஒத்தையை, பழுதில்லாததோட சேரு. இதை எங்கப்பாவுக்கு ஒரு நிமிஷத்துல சொல்லிட்டேன், அவருக்குப் புரிஞ்சிருச்சு.

முனைவர் பட்ட மாணவர், கோயம்புத்தூர் | புதன் பிற்பகல்

எனக்கு இது போதும். சொல்லிலேயே கணக்கு இருக்கிறது. பழி யார்மேலும் விழவில்லை.

கால்நடை மருத்துவர், விருதுநகர் | புதன் மாலை

எனக்கும் பிடித்திருக்கிறது, என் வாக்கு இதற்கே. ஆனாலும் இரண்டு இடத்தில் இடிக்கும், மறைக்கக்கூடாது. ஜெர்மன் ஷெப்பர்டில் இரத்தம் உறையாத நோய் ஒன்று உண்டு. அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கடுவனுக்கு எக்ஸ் ஒன்றே. அதற்கு ஒத்தைப் பழுதே நோய். அடுத்தது, அதே இனத்தில் வயதான பிறகு பின்னங்கால் இழுத்துக்கொண்டு போகும் தண்டுவடத் தேய்வு. அங்கே ரெட்டைப் பழுது இருந்தும் பல நாய்கள் நோயில்லாமல் வாழ்ந்து முடிகின்றன. ரெட்டை என்பது அங்கே இடர், நோய் அன்று. கையேட்டில் இந்த இரண்டுக்கும் தனிக் கட்டம் போடுங்கள்.

'ஸ்கிரீனிங்' என்பதற்குச் 'சலித்தெடுத்தல்' என்று வரைவில் பார்த்தேன். சலித்தால் கப்பியை எறிவார்கள். 'முன்சோதனை' என்றே போதும்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை | புதன் நள்ளிரவு

முடித்துவிட்டேன், கண் எரிகிறது. எழுதியவர்களில் நால்வர் ஒத்தைப் பழுதுக்கு, ஒருவர் காவிக்கு, ஒருவர் கரவிக்கு. அட்டவணையில் பழுதில்லை, ஒத்தைப் பழுது, ரெட்டைப் பழுது. ஆய்வக அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிய வேண்டும் என்பதால் பக்கத்திலேயே கிளியர், கேரியர், அஃபெக்டட் தமிழெழுத்தில் இருக்கும். மருத்துவர் சொன்ன இரண்டு கட்டங்களும் ஆறாம் பக்கத்தில். இராசபாளையத்துக்குத் தனிப்பக்கம், அதில் செவித்திறன் சோதனை மட்டும். குட்டி குட்டியாகவே இருக்கிறது, தொல்காப்பியர் அனுமதியோடு.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர் | வியாழன் காலை

அச்சுக்குப் போகட்டும், வாழ்த்துகள். என் மாற்றுக் கருத்தைப் பதிந்து வைக்கிறேன். 'ஒத்தைப் பழுது' எண்ணிக்கை, பெயர் அன்று. ஆண் நாய்க்கு ஒரு பொருள், பெண் நாய்க்கு ஒரு பொருள் என்று அது பிளவுபடுவதை மருத்துவரே காட்டிவிட்டார். நோயின்றி உள்ளே வைத்திருக்கும் நிலைக்குப் பெயர் வேண்டும் என்ற தேவை அப்படியேதான் இருக்கிறது. கரவி, கரவிநிலை என்பவற்றை விளக்கத்தோடு எழுதி வருகிறேன். அடுத்த பதிப்பு எப்போது என்று தெரிவியுங்கள்.