உச்சரிப்பைக் கேட்டே ஒருவர் எந்த ஊர் என்று சொல்கிறார்களே, எப்படி?

செவிவழி:
எல்லாருக்கும் வணக்கம். ஆங்கிலப் பேட்டிகளும் பாட்காஸ்ட்டுகளும் நிறையக் கேட்கிறேன். பேசுகிறவர் பிரிட்டிஷா அமெரிக்கரா என்பதுவரை காது பிடித்துவிடுகிறது, அதற்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. ஆனால் இங்கிலாந்துக்காரர்கள், எதிரில் இருப்பவர் ரெண்டு வாக்கியம் பேசுவதற்குள் "நீங்கள் லிவர்பூல் பக்கமா?" என்று கேட்டுவிடுகிறார்கள், அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது. அவர்கள் காதில் முதலில் விழுவது எது? ராகமா, சில குறிப்பிட்ட சொற்களா, தனித்தனி ஒலிகளா? இது பழகினால் வரக்கூடியதுதானா, வந்தாலும் எவ்வளவு தூரம் நம்பலாம்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

வடகாற்று:
ராகத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். புதிதாகக் கேட்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான், அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். சாதாரண வாக்கியத்தைக் கேள்வி கேட்பதுபோல மேலே தூக்கி முடிப்பது பெல்ஃபாஸ்டில் உண்டு, கிளாஸ்கோவில் உண்டு, நியூகாசிலில் உண்டு, ஆஸ்திரேலிய இளைஞர்களிடமும் உண்டு. அதை மட்டும் வைத்து எந்த ஊர் என்று சொல்வீர்கள்?

முதலில் ர் ஒலியைக் கவனியுங்கள். கார், ஹார்ட் மாதிரிச் சொற்களில் உயிரொலிக்குப் பின்னால் வருகிற ர் காதில் விழுகிறதா? விழுந்தால் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, கனடா, அமெரிக்காவின் பெரும்பகுதி. இங்கிலாந்துக்காரர்தான் என்று தெரிந்துவிட்டால் சாமர்செட், டெவன், கார்ன்வால் என்று தென்மேற்கு மூலையைத் தேடலாம். விழாவிட்டால் இங்கிலாந்தின் மற்ற பகுதிகள், வேல்ஸ், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ர் சொல்லாதவர்களும் அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் அதைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவார்கள். 'கா' என்று முடிக்கிற அதே ஆள் 'கார் இஸ்' என்று சேர்த்துச் சொல்வார். அதனால் வாக்கியத்தின் கடைசியில் வரும் சொல்லில்தான் இதைச் சோதிக்க வேண்டும்.

அப்புறம் இங்கிலாந்துக்குள் வடக்கா தெற்கா என்பது. குளியலுக்கான 'பாத்', புல்லுக்கான 'கிராஸ்', சிரிப்புக்கான 'லாஃப்' எல்லாம் தெற்கே நெடில். வடக்கே போனால் குறிலாகி 'பத்', 'க்ரஸ்', 'லஃப்' ஆகிவிடும். கூடவே 'கப்', 'லவ்' என்பவை வடக்கே 'குப்', 'லுவ்' என்று கேட்கும். குறில் நெடில் பார்த்தே வளர்ந்த காதுக்கு இது ரெண்டும் சீக்கிரம் பிடிபடும்.

ஊரைச் சொல்வது இதற்குப் பிறகுதான். லிவர்பூல்காரர் சொல்லின் கடைசியில் வரும் க் ஒலியை முழுதாக அடைக்காமல் உரசவிடுவார். நாம் 'முகம்' என்னும்போது க தளருகிறதே, அந்தப் பக்கம் போகும், ஆனால் இன்னும் கரகரப்பாக. பாடகரைக் குறிக்கும் சொல்லை பர்மிங்காம், மான்செஸ்டர், லிவர்பூல்காரர்கள் பலர் நாம் எழுதுகிறபடியே 'சிங்கர்' என்று உள்ளே ஒரு க வரும்படி சொல்வார்கள், மற்ற இடங்களில் வெறும் 'சிஙர்'தான். அயர்லாந்தில் 'திங்க்' என்று பலர் சொல்லும்போது நம் த் அப்படியே கேட்கும். அவர்கள் பேசுவதைக் கேட்டால் உங்களுக்கே நெருக்கமாக இருக்கும்.

நெடில்குறில்:
வடகாற்று இங்கிலாந்தைச் சொல்லிவிட்டார், நான் மற்ற இடங்களைச் சேர்க்கிறேன்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பேனாவுக்கும் குண்டூசிக்கும் ஒரே உச்சரிப்பு, ரெண்டுமே 'பின்'. நியூசிலாந்திலும் பேனா நம் காதுக்கு 'பின்' என்றுதான் விழும், ஆனால் அங்கே குண்டூசி 'பன்' பக்கம் நகர்ந்துவிடும், அதனால் அவர்களுக்குள் குழப்பமே வராது. ஆஸ்திரேலியரையும் நியூசிலாந்துக்காரரையும் பிரிக்க மீன் ஒன்று போதும். முதலாமவர் 'ஃபீஷ்' என்று இழுப்பார், ரெண்டாமவர் 'ஃபஷ்' என்பார். பாஸ்டன் பழைய குடும்பங்களில் ர் இன்றும் காணாமல் போகும்.

கனடாக்காரரை அமெரிக்கரிடமிருந்து பிரிப்பதுதான் கஷ்டம், காரணம் முக்கால்வாசி ஒலிகள் ஒன்றுதான். 'அவுட்', 'அபவுட்' என்பவற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், அந்த 'அவு' சுருங்கி 'எவு' போலத் தொடங்கும். எல்லாச் சொல்லிலும் இல்லை. 'அவுட்' (out) மாறும், 'லவுட்' (loud) மாறாது, ஏனென்றால் பின்னால் வரும் மெய்யொலி t போலத் தொண்டை அதிராத ஒலியாக இருந்தால்தான் இந்தச் சுருக்கம், d அதிரும் ஒலி. கேலிச் சித்திரங்களில் 'அபூட்' என்று காட்டுவார்கள், அப்படி யாரும் பேசுவதில்லை.

பதிவுநாடா:
எவ்வளவு நம்பலாம் என்று கேட்டீர்களே, அதுதான் இதில் முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன். 1979 ஜூனில் மேற்கு யார்க்ஷையர் போலீசுக்கு ஒரு ஒலிநாடா வந்தது, தொடர் கொலைகளைச் செய்தது நான்தான் என்று ஒரு குரல். லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி எல்லிஸிடம் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் 313 இடங்களில் பேச்சுவழக்கைப் பதிவு செய்த பெரிய கள ஆய்வில் ஊர் ஊராக அலைந்தவர் அவர். குரல் வடகிழக்கு இங்கிலாந்தின் சண்டர்லாந்து, அதிலும் கேசில்டவுன் பக்கம் என்று குறுக்கிச் சொன்னார். 2005ல் டிஎன்ஏ மூலம் ஆள் பிடிபட்டபோது பார்த்தால், ஜான் ஹம்பிள், அதே சண்டர்லாந்து வட்டாரத்து ஆள்தான். எல்லிஸின் காது அவ்வளவு துல்லியம்.

ஆனால் ஹம்பிள் கொலைகாரர் இல்லை, நாடா வெறும் ஏமாற்று. போலீஸ் வடகிழக்கு உச்சரிப்பு இருக்கிறவர்களையே தேடிக்கொண்டிருந்தது. உண்மையான குற்றவாளி பீட்டர் சட்கிளிஃப் யார்க்ஷையர்க்காரர், பலமுறை விசாரிக்கப்பட்டும் தப்பினார். 1981 ஜனவரியில் பிடிபடுவதற்குள் இன்னும் மூன்று பெண்கள் கொல்லப்பட்டார்கள். இது ஏமாற்றாக இருக்கலாம் என்று எல்லிஸே எச்சரித்திருந்தார் என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. ஒரு குரல் எந்த மண்ணில் வளர்ந்தது என்று உச்சரிப்பு சொல்லும், அந்த ஆள் என்ன செய்தார் என்று சொல்லாது.

உச்சரிப்பு ஒருவரைக் காப்பாற்றியதும் உண்டு. 1980களில் லாஸ் ஏஞ்சலஸில் பான் ஆம் விமான நிறுவனத்துக்குத் தொலைபேசியில் வெடிகுண்டு மிரட்டல் வந்தது, குரல் கிழக்குக் கரைக்காரர் போல இருக்கிறது என்று அங்கே வேலை பார்த்த ஒரு நியூயார்க்காரரைப் பிடித்தார்கள். மொழியியலாளர் வில்லியம் லபோவ் நீதிமன்றத்தில் ஒலிகளைப் பிரித்துக் காட்டினார். நியூயார்க்கில் தள்ளித் தள்ளி நிற்கும் ரெண்டு உயிரொலிகள் மிரட்டியவர் வாயில் ஒன்றாகிவிட்டிருந்தன, அது பாஸ்டன் பக்கத்துப் பழக்கம். ஆள் விடுதலையானார்.

செவிவழி:
மூன்று பேருக்கும் நன்றி, அந்த நாடா விஷயம் எனக்குப் புதிது. இன்னும் ஒரு சந்தேகம். சின்ன வயதிலேயே ஊர் மாறியவர்கள், அப்புறம் எந்த ஊர் வாடையும் இல்லாமல் செய்தி வாசிப்பவர் போலப் பேசுகிற ஆங்கிலேயர்கள், இவர்களை எங்கே வைப்பது?

வடகாற்று:
அந்தச் செய்தி வாசிப்பாளர் உச்சரிப்பு ஊரைச் சொல்லாது, பள்ளியையும் குடும்ப வசதியையும்தான் சொல்லும். அதில் ஊர் தேடுவது வீண் வேலை. ஊர் மாறியவர்களிடம் பெரும்பாலும் கலவைதான் இருக்கும். ஏழெட்டு வயதுக்குள் மாறிய பிள்ளைகள் புது ஊர்ப் பேச்சைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள், பெரியவர்களான பிறகு போனவர்களிடம் ஏதோ ஒரு உயிரொலி பழைய ஊரிலேயே நின்றுவிடும். 'த்ரீ' என்பதை 'ஃப்ரீ' என்பது ஒரு காலத்தில் லண்டன் அடையாளம், இன்று இளைஞர்களிடம் நாடு முழுக்கப் பரவிவிட்டதால் அதையும் நம்ப வேண்டாம். நேரில் ஊகத்தைச் சொல்வதானால் அமெரிக்கரா என்று கேட்பதைவிடக் கனடாவா என்று கேளுங்கள். தவறினால் அமெரிக்கர் கோபப்பட மாட்டார், கனடாக்காரரோ 'அமெரிக்கரா' என்ற கேள்வியைப் பலமுறை கேட்டுச் சலித்தவராக இருப்பார்.

பழக்கத்துக்கு ஐடியா என்கிற இணையக் காப்பகம் இருக்கிறது, பால் மையர் 1998ல் தொடங்கியது. பல நாட்டவர் ஒரே பத்தியை வாசிக்கும் பதிவுகள், பேசுகிறவர் பிறந்து வளர்ந்த இடக் குறிப்போடு. குறிப்பைப் பார்க்காமல் கேட்டு, எந்த ஒலியை வைத்து எந்த ஊர் என்று முடிவு செய்தீர்கள் என எழுதிவைத்துவிட்டு அப்புறம் திறந்து பாருங்கள். லிவர்பூலும் மான்செஸ்டரும் சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கின்றன, முதலில் அந்த ரெண்டை மட்டும் மாற்றி மாற்றிக் கேளுங்கள்.