பொய்ம்மறுப்பு: பொய்யை மறுப்பதா, பொய்யாக மறுப்பதா?

புரசைவாக்கம் ஆசிரியை | வியாழன், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம்.

திங்களன்று எங்கள் பள்ளியில் கணினிக் கண்காட்சி. தலைப்பு 'அன்றாட வாழ்வில் அல்காரிதம்'. (அதற்குத் தமிழ் என்ன என்று யாரும் தொடங்கிவிட வேண்டாம். பாடநூலில் நெறிமுறை என்கிறார்கள், புரோட்டோகாலுக்கும் அதே சொல்தான் ஓடுகிறது, படிமுறை என்போரும் உண்டு. அந்தச் சண்டையைக் கோடை விடுமுறைக்கு வைத்துக்கொள்வோம்.) பேருந்துக்குக் குறுகிய வழி தேடும் டைக்ஸ்ட்ராவின் முறைக்கு ஒரு தட்டி, ஆதார் எண்ணைத் தப்பாகத் தட்டினால் கடைசி இலக்கத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் வெர்ஹோஃப் முறைக்கு ஒரு தட்டி. இரண்டும் முடிந்தன. மூன்றாவது, ரேஷன் கடை விரல்ரேகை மெஷின். அதில்தான் நிற்கிறோம்.

மெஷின் இரண்டு விதமாகத் தவறலாம். யாரோ ஒருவர் விரல் வைத்தும் அட்டைக்காரர் என்று ஏற்றுக்கொள்ளலாம். அட்டைக்காரரே வைத்தும் நீ இல்லை என்று தள்ளிவிடலாம். ஃபால்ஸ் அக்செப்ட், ஃபால்ஸ் ரிஜெக்ட். பொய்யேற்பு, பொய்மறுப்பு என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு மாணவி எழுந்து, "மிஸ், பொய்யை மறுத்தால் நல்லதுதானே? அதை ஏன் பிழை என்கிறோம்?" என்றாள்.

ஃபிளெக்ஸ் கடைக்காரர் சனி மதியத்துக்குள் கோப்பு கேட்கிறார். உதவுங்கள்.

தாம்பரம் | வியாழன், இரவு 11.15

அம்மா, அந்த மாணவிக்கு என் ஆசியைச் சொல்லுங்கள். இலக்கணம் படித்தவர்கள் கேட்க வேண்டிய கேள்வியைக் கணினி வகுப்பில் கேட்டிருக்கிறாள்.

பொய்யேற்பைப் பொய்யை ஏற்றல் என்று விரித்தால் இரண்டாம் வேற்றுமைத் தொகை. பொய்யான ஏற்பு என்று விரித்தால் பண்புத்தொகை. எப்படி விரித்தாலும் மெஷின் தவறியதாகவே பொருள். மற்றது அப்படியில்லை. பொய்யான மறுப்பு என்றால் பிழை. பொய்யை மறுத்தல் என்றால் மெஷின் தன் கடமையைச் செய்திருக்கிறது. பொய்க்கோபம், பொய்த்தூக்கம், பொய்க்கால் குதிரை என்று பண்புத்தொகையாக ஆயிரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பின்னே 'மறுப்பு' வந்துவிட்டால் தமிழ்க் காது செயப்படுபொருளைத்தான் தேடும். புலால் மறுப்பு, கடவுள் மறுப்பு. கடவுள் மறுப்பைக் 'கடவுள்தன்மை உள்ள மறுப்பு' என்று இந்தச் சென்னையில் யாராவது விரிப்பார்களா?

ஆகவே இரண்டையும் வேற்றுமைத் தொகையாகவே வைத்துக்கொள்ளுங்கள். பொய்யேற்பு, மெய்ம்மறுப்பு. பொய்யை ஏற்றல், மெய்யை மறுத்தல். தராசு நேராக நிற்கிறது.

சந்தியில் ம் மிக வேண்டும். தனிக்குறிலை அடுத்த யகர ஒற்றின் முன் மெல்லினம் வந்தால் மிகும் என்பது நன்னூல். மெய்ம்மறந்து என்று எழுதுகிறோமே, அது போல. உங்கள் 'பொய்மறுப்பு'ம் பொய்ம்மறுப்பு என்றே இருந்திருக்க வேண்டும்.

சிறுசேரி | வெள்ளி, காலை 8.05

ஐயா, விளக்கம் அருமை. ஆனால் மெய்ம்மறுப்பு எங்கள் பிழைப்பைக் கெடுத்துவிடும்.

இந்தப் பிழைகள் தனியாக வருவதில்லை, நான்கு கட்டப் பட்டியலில் வரும்: சரியாக ஏற்றது, சரியாக மறுத்தது, தவறாக ஏற்றது, தவறாக மறுத்தது. பிள்ளைகள் ட்ரூ, ஃபால்ஸ் இரண்டையும் மெய், பொய் என்று படித்துவிட்டு வருகிறார்கள். மெய்ம்மறுப்பைப் பார்த்ததும் 'ட்ரூ ரிஜெக்ட்' கட்டத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். அது நேர் எதிர்க் கட்டம். ஒரு சொல் மட்டும் தலைகீழாக இருந்தது, இப்போது இரண்டும் தலைகீழாக வாசிக்க இடம் கொடுக்கின்றன.

ஆபீஸில் நாங்கள் எஃப்ஏஆர் (தவறாக ஏற்கும் விகிதம்), எஃப்ஆர்ஆர் (தவறாக மறுக்கும் விகிதம்) என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவோம். தட்டிக்கு என்னைக் கேட்டால் தவறான ஏற்பு, தவறான மறுப்பு. அதோடு, பெயரைவிட இரண்டும் ஒன்றையொன்று இழுப்பதைக் காட்டுவது முக்கியம். கணினி விஞ்ஞானி ஜான் டாக்மன் 1990களில் உருவாக்கிய கருவிழி முறையில் ஒரு கண் 2048 பிட்டுகளாகிறது (ஒவ்வொரு பிட்டும் 0 அல்லது 1). புதிதாக எடுத்ததையும் பதிவில் இருப்பதையும் வைத்து எத்தனை பிட் மாறுகிறது என்று எண்ணுகிறார்கள். வேறு ஆள் என்றால் ஏறக்குறையப் பாதி மாறும். அதே கண் என்றால் மிகக் குறைவு, ஆனாலும் பூஜ்யம் வராது. இமை மறைக்கும், வெளிச்சம் மாறும். நடுவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழே ஒரு கோடு போடுகிறார்கள். கோட்டை இறக்கினால் அந்நியர் நுழைவது குறையும், உரியவர் வெளியே நிற்பது கூடும். ஏற்றினால் மறுபடி அந்தப் பக்கம். ஆப்பிள் டச் ஐடிக்கு 50,000இல் ஒன்று, ஃபேஸ் ஐடிக்குப் பத்து லட்சத்தில் ஒன்று என்று சொல்வது அந்நியர் திறந்துவிடும் வாய்ப்பைத்தான். ஈரக்கையோடு நிற்கும் உரிமையாளருக்கான கணக்கு அது இல்லை.

அம்பத்தூர் | வெள்ளி, காலை 9.20

ரேகை வடசொல். விரல்வரி என்க. மெஷின், ரேஷன், ஃபிளெக்ஸ், ஆபீஸ் இவற்றையும் இந்தக் குழுவில் படிக்க நேர்கிறது. வருத்தம்.

மந்தைவெளி | வெள்ளி, காலை 10.00

அம்பத்தூர் நண்பருக்கு: விரல்வரி என்று தட்டியில் போட்டால் விரலுக்கும் ஜிஎஸ்டி வந்துவிட்டதா என்று பெற்றோர் கேட்பார்கள்.

புள்ளியியலில் முதல்வகைப் பிழை, இரண்டாம்வகைப் பிழை என்று நாங்கள் காலம் காலமாகச் சொல்கிறோம். இங்கே அதைப் பரிந்துரைக்க மாட்டேன். எது முதல்வகை என்பது எதை எடுகோளாக வைத்துத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது, பிள்ளைகள் திணறுவார்கள். ஆனால் ஒரு கோரிக்கை. விரலுக்கு ஒரு சொல், ஸ்பேம் மெயிலுக்கு ஒரு சொல், ரத்தப் பரிசோதனைக்கு ஒரு சொல் என்று போகாதீர்கள். எல்லாம் ஒரே கணக்கு. கொரோனாவுக்குப் பிறகு 'பாசிட்டிவ்' தெரியாத பாட்டி ஊரில் கிடையாது.

கண்காட்சிக்கு ஒரு தகவல். விரல்ரேகையில் அல்காரிதம் கணினிக்கு முன்பே வந்துவிட்டது. 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பணியகம் தொடங்கியபோது, பத்து விரலை ஒரு எண்ணாக்கும் முறை இருந்தது. விரல்களை இரண்டிரண்டாகப் பிரித்து 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு. விரலில் சுழி இருந்தால் (ஜோசியர் சங்கு, சக்கரம் என்பாரே, அந்தச் சக்கரம்) அந்த மதிப்பைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் பூஜ்யம். இரட்டை விரல்களுக்கு ஒரு கூட்டல், ஒற்றை விரல்களுக்கு ஒரு கூட்டல், இரண்டிலும் ஒன்று சேர்த்தால் 32க்கு 32, ஆக 1024 அறைகள். லட்சம் அட்டை இருந்தாலும் தேட வேண்டியது ஒரே அறையில். ஹென்றி முறை என்று மேலதிகாரியின் பெயர் நிலைத்தது. கணக்கைப் போட்டவர்கள் அஜிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு உதவி ஆய்வாளர்கள். இதற்கு ஒரு தட்டி கட்டாயம் வேண்டும்.

திருவல்லிக்கேணி | வெள்ளி, மதியம் 1.30

நான் மொழி படித்தவள் இல்லை, எங்கள் தெருவில் வயதானவர்களைக் கடைக்கு அழைத்துப் போகிறவள். 2020 அக்டோபரில் ரேகை வைத்தால்தான் அரிசி என்று ஆனதிலிருந்து வரிசையில் கேட்பது ஒரே வாக்கியம்: "ரேகை விழல." பாத்திரம் தேய்த்த கை, சிமென்ட் கலந்த கை. ரேகை விழாமை என்று வைத்துவிட்டால் எல்லாருக்கும் புரியுமே? எதிர்ப்பக்கத்துக்கு ஏற்கெனவே ஆள்மாறாட்டம் இருக்கிறது.

கருவிழி என்ற சொல்லையும் கொஞ்சம் பாருங்கள். கண்தானச் செய்தியில் கருவிழி என்பது முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற படலம். ஆதாரில் கருவிழி என்பது உள்ளே இருக்கும் நிற வளையம். "கருவிழி எடுக்கணும்" என்றால் பெரியவர்கள் மிரளத்தான் செய்வார்கள்.

சிறுசேரி | வெள்ளி, மதியம் 2.10

அக்கா, 'ரேகை விழல' எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் அது மூன்றாவது பிழை! தேய்ந்த விரலில் மெஷினுக்குப் படமே சரியாகக் கிடைக்கவில்லை, ஒப்பிடும் கட்டத்துக்கே போகவில்லை. ஃபால்ஸ் ரிஜெக்ட் என்றால் படம் கிடைத்தது, ஒப்பிட்டது, பிறகு இல்லை என்றது. மூன்றாவதற்கு ரேகை விழாமையை நான் இப்போதே முன்மொழிகிறேன். ஆட்சேபம் உண்டா?

(ஆள்மாறாட்டம் ஆள் செய்வது. மெஷின் அதற்கு ஏமாறுவதுதான் நம் பிழை.)

தாம்பரம் | வெள்ளி, மாலை 6.45

ஆட்சேபம் இல்லை, தம்பி. விழாமை நல்ல எதிர்மறைத் தொழிற்பெயர்.

நாள் முழுக்க யோசித்ததில் வள்ளுவர் இந்த இரண்டு பிழையையும் ஒரே குறளில் வைத்திருப்பது தெரிந்தது. தெரிந்து தெளிதல், 510:

தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும்
தீரா இடும்பை தரும்.

ஆராயாமல் ஒருவனை நம்புவது, நம்பியவன்மேல் பிறகு சந்தேகப்படுவது. மெஷின் நம் விரலைப் பதிவு செய்த நாளில் தெளிந்துகொண்டது. ரேஷன் கடையில் ஐயுறுகிறது. தேராத்தெளிவு, தெளிந்தையம். இதைவிட என்ன வேண்டும்?

இன்னொன்று. பயோமெட்ரிக்குக்கு உயிரியளவை என்கிறார்கள். அளப்பது உயிரையா? உடம்பை. உடம்புக்கு மெய் என்று பெயர், உண்மைக்கும் மெய் என்று பெயர். உடம்பைக் கொண்டு உண்மையை அறிவதற்கு மெய்யளவை என்று தமிழே எடுத்துக் கொடுக்கிறது. தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றதும் உள்ளத்தில் இருப்பது உடம்பில் தெரிவதைத்தான். எழுத்திலும் பாருங்கள், உயிர் ஏறாத மெய் தானாக இயங்காது. அதாவது செத்த விரலை மெஷின் ஏற்கக் கூடாது என்பது எழுத்ததிகாரத்திலேயே...

மந்தைவெளி | வெள்ளி, இரவு 7.30

ஐயா, எழுத்ததிகாரத்தில் ரேஷன் கடை இருந்தால் நான் சந்தா கட்டிச் சேர்கிறேன். குறள் மிகப் பொருத்தம்தான், ரசித்தேன். ஆனால் தேரான் என்றால் ஆராயாதவன். மெஷின் ஆராய்ந்துவிட்டுத்தான் ஏமாறுகிறது. பதினாறு வயதுப் பிள்ளை தெளிந்தையத்தை உரையில்லாமல் படிக்குமா?

சிறுசேரி | வெள்ளி, இரவு 10.20

ஒரு யோசனை. தொகையாக வைப்பதால்தானே ஒளிந்திருக்கும் வேற்றுமை தொல்லை தருகிறது? வினையெச்சம் போட்டுவிடுவோம். தவறி ஏற்றல், தவறி மறுத்தல். 'தவறி'யைச் செயப்படுபொருளாக யாராலும் வாசிக்க முடியாது. ஸ்பேமுக்கும் பொருந்தும், ரத்தப் பரிசோதனைக்கும் பொருந்தும்.

திருவல்லிக்கேணி | வெள்ளி, இரவு 10.40

எங்கள் பக்கம் தவறிட்டார் என்றால் இறந்துட்டார். பரவாயில்லை, 'தவறி மறுத்தல்' புரிகிறது. என் ஓட்டு இதற்கு.

புரசைவாக்கம் ஆசிரியை | சனி, காலை 11.50

எல்லாருக்கும் நன்றி. தவறி ஏற்றல், தவறி மறுத்தல், ரேகை விழாமை என்று போட்டு அனுப்பிவிட்டேன். கேள்வி கேட்ட மாணவியும் சரி என்றாள். ஐயா, குறள் தட்டியின் உச்சியில் இருக்கிறது. கல்கத்தாக் கணக்குக்கு இடம் போதவில்லை, சுவரில் சார்ட் ஒட்டுகிறோம்.

மந்தைவெளி | சனி, மதியம் 12.30

கோப்பு போய்விட்டது, தெரியும். இருந்தாலும் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். 'தவறி' என்றால் கை தவறி, கால் தவறி என்பது போல யாரும் நினைக்காமல் நடந்ததாகப் படுகிறது. இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. சிறுசேரித் தம்பி சொன்ன அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்கிறார். நூறு பேரில் எத்தனை பேர் அரிசி இல்லாமல் திரும்பலாம் என்பது அந்த முடிவிலேயே அடங்கியிருக்கிறது. அதைத் தவறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாற்றுச் சொல் கைவசம் இல்லை.

தாம்பரம் | சனி, மதியம் 12.55

இருக்கிறது. மெய்ம்மறுப்பு. அதில் 'தவறி' கிடையாது, மறுத்தவர் மறுத்தார் என்று நிற்கிறது. அடுத்த ஆண்டுக் கண்காட்சிக்கு இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ம் இரண்டு.